சோதனைப் பதிப்பில் ஒரு தெரு

ஓடைக்கல்வலசு வாய்க்கால் தெருவில் சுவர்கள் எல்லாம் கண்ணாடியானது தண்ணீர் விடுகிற நேரத்தில் என்பதால், யாருக்கும் அதை நின்று பார்க்க நேரமில்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தவர்கள் எதிர்வீட்டுக் கூடத்தையும், கூடத்துக்குப் பின்னால் சமையலறையையும், அதற்கும் பின்னால் கொல்லையில் கட்டியிருந்த எருமையையும், எருமைக்கும் பின்னால் அடுத்த தெருவின் வேப்பமரத்தையும் ஒரே பார்வையில் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, குடம் நிறைந்து வழிவதைக் கவனித்து அடுத்த குடத்தை வைத்தார்கள். செங்கல்லும் சிமெண்டும் இருந்த இடத்தில் தொட்டால் சுவர் இருந்தது, பார்த்தால் இல்லை. காலண்டர்கள் ஆணியோடு அந்தரத்தில் தொங்கின. பல்லிகள் ஒன்றுமில்லாத இடத்தில் ஏறி இறங்கின. பார்வை சுவரைத் தாண்டிப் போனதே தவிரச் சத்தம் தாண்டவில்லை. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் வாய்கள் அசைந்தன, கைகள் நீண்டன, அடுப்பில் குக்கர் ஆவி விட்டது, எல்லாம் ஊமையாக நடந்தது.

காரணத்தைத் தேடி ரொம்பத் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. தெருமுனையில் தமயந்தி கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். வருமானச் சான்றிதழ், பட்டா நகல், கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை என்று தெருவின் காகித வேலை முழுக்க அவள் கையில்தான். முந்தின நாள் மாலை அவளுடைய கம்ப்யூட்டர், எல்லோருக்கும் வருவதற்கு முன்பே எங்கள் புதிய தோற்றத்தை நீங்கள் பார்த்துச் சொல்கிறீர்களா, இது சோதனைப் பதிப்பு, அங்கங்கே கோளாறு இருக்கலாம் என்று கேட்டது. எதிரில் ஒருவர் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். சரி என்று அழுத்தாவிட்டால் வேலை நகராது என்று நினைத்து அவள் அழுத்திவிட்டாள். காலையில் வந்து திறந்தால் திரையில் இருந்த ஜன்னல்கள் எல்லாம் கண்ணாடியாகி, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று தெரிந்தது. எந்த எழுத்து எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று புரியவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே பார்த்தாள். தெருவும் அப்படியே இருந்தது.

மற்ற தெருக்களில் ஏன் அப்படி ஆகவில்லை என்று யாரோ கேட்டதற்கு, அந்தத் தெருக்களில் கம்ப்யூட்டர் சென்டர் இல்லையே என்று டீக்கடைக் குப்புராஜ் சொன்னான். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை. திரையின் ஓரத்தில், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று ஒரு பொத்தான் இருப்பதாகத் தமயந்தி சொன்னதுதான் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. கருத்து எங்களிடம் நிறைய இருந்தது.

முதல் நாள் வந்த கருத்தெல்லாம் குளியலறையைப் பற்றியது. பெண்கள் சேலையைச் சுற்றிலும் கட்டிக்கொண்டு அதற்குள் குளித்தார்கள். ஆண்கள் வாய்க்காலுக்குப் போனார்கள். இரண்டாம் நாளிலிருந்து கருத்துகள் பிரிய ஆரம்பித்தன. மாவு மில் ரங்கநாயகி முதலில் தமயந்தியின் முன்னால் உட்கார்ந்து, நான் தினமும் பழையதுதான் சாப்பிடுகிறேன் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது என்று மூக்கைச் சிந்தினாள். அடுத்த வாரம் அதே நாற்காலியில் உட்கார்ந்து, வெளிச்சம் நன்றாக வருகிறது, இப்படியே இருக்கட்டும் என்று எழுதச் சொன்னாள். இதற்கிடையில் அவள் டி.வி. பார்க்க உட்காரும்போதுகூடத் தலை சீவிப் பூ வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். விடியற்காலையில் எழுந்து யோகா செய்வதாகச் சொல்லிவந்த ஒருவர் உண்மையாகவே விடியற்காலையில் எழுந்து யோகா செய்யவேண்டியதாயிற்று. குப்புராஜுக்குத்தான் நஷ்டம். சேதி தெரிந்துகொள்ள டீக்கடைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் இப்போது சொந்த வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் இவர்கள் எல்லோருடைய கருத்தையும் சேர்த்தாலும் நாச்சிமுத்து ஒருவருடைய கருத்துக்கு ஈடாகாது.

நாச்சிமுத்து கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தின் கிடங்கில் உரமூட்டை எது எங்கே இருக்கவேண்டும் என்று அவர் வகுத்துவைத்த முறை இன்றும் அங்கே நடக்கிறது. வெள்ளைச் சட்டையின் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். அவரும் அவர் மனைவி பழனாத்தாளும் எங்கள் தெருவில் ஒற்றுமைக்குப் பேர்போனவர்கள். எதைக் கேட்டாலும் அவர், "எங்கூட்டுக்காரி சொன்னாளுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். அந்தம்மாவும், "அவரு சொன்னாருங்க" என்றுதான் ஆரம்பிக்கும். ஒருத்தர் வாயில் இன்னொருத்தர் பேச்சு இல்லாமல் ஒரு நாளும் நாங்கள் கேட்டதில்லை. புதிதாகக் கல்யாணமாகி வருகிறவர்களை அவர்கள் காலில் விழச் சொல்வது எங்கள் வழக்கம்.

சுவர் கண்ணாடியான அன்று காலையிலேயே நாச்சிமுத்து தன் வீட்டைச் சுற்றிப் போர்வை, ஜமுக்காளம், உரச்சாக்கு, பழைய வேட்டி எல்லாவற்றையும் கயிறு கட்டித் தொங்கவிட்டார். ஒரு கை அகலத்துக்குக்கூட இடைவெளி விடவில்லை. மானம் மரியாதையோடு வாழ்கிறவர்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். கட்டி முடித்ததும் நேரே தமயந்தியிடம் வந்து கருத்து எழுதச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் சென்டர் திறக்கும்போது முதல் ஆளாக வந்துவிடுவார். பழைய சுவருக்கு என்ன குறை, யார் கேட்டார்கள் இந்தக் கண்ணாடியை, பழையபடி மாற்றிக்கொள்ள ஒரு வழிகூட வைக்காமல் எப்படிக் கொடுக்கலாம் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்வாள். கடைசியில், இப்படிக்கு என்று தன் பெயர், தகப்பனார் பெயர், வயது, ஓய்வு பெற்ற பதவி எல்லாவற்றையும் போடச் சொல்வார்.

ஒருநாள் கருத்துகளுக்குப் பலன் கிடைத்தது. புதிய பதிப்பு வந்தது. உங்கள் கருத்துகளுக்கு நன்றி, சில மாற்றங்கள் செய்திருக்கிறோம் என்று தமயந்தியின் திரை சொன்னது. தெருவில் கண்ணாடியெல்லாம் மார்கழிப் பனி படிந்தது போல மங்கிப்போயிருந்தது. ஆள் இருப்பது தெரிந்தது, யார் என்று தெரியவில்லை. அப்பாடா என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் தெளிவாகத் தெரிந்தபோது வராத வதந்தியெல்லாம் மங்கலாகத் தெரிந்தபோது வந்தது. டெய்லர் ஒரு பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று அவர் மனைவிக்குப் போன் போய், அவள் பிறந்த வீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்த்தால் அவர் சுருட்டிய மெத்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி வேண்டாம் என்று சொன்ன அதே ஆட்கள் தமயந்தியிடம் வந்து, கண்ணாடியே தேவலை, இந்தப் பனிதான் குடும்பத்தைக் கெடுக்கிறது என்று எழுதச் சொன்னார்கள். எங்களுக்குக் கண்ணாடி பழகியிருந்தது. பக்கத்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வது, புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் ஆகாயத்தைப் பார்ப்பது என்று சில மரியாதைகளைக்கூட நாங்கள் ஏற்படுத்தி வைத்திருந்தோம். பனி வந்து அதையெல்லாம் வீணாக்கிவிட்டது.

அதன்பிறகுதான் மூன்றாவது பதிப்பு வந்தது. குளியலறைக்கு மட்டும் பனி. மற்ற இடமெல்லாம் பழைய கண்ணாடி, முன்னைவிடத் தெளிவாக. கூடவே இன்னொன்றும் செய்திருந்தார்கள். சுவரில் எதைத் தொங்கவிட்டாலும் அதுவும் சுவரோடு சேர்ந்து கண்ணாடியாகிவிட்டது. காலண்டரில் இருந்த சாமியெல்லாம் காணாமல் போயிற்று. நாச்சிமுத்து வீட்டுப் போர்வையும் ஜமுக்காளமும் உரச்சாக்கும் வேட்டியும் காணாமல் போயின.

அப்போது மத்தியானச் சமையல் நேரம். கூடத்தின் மூலையில் ஒரு ஸ்டூல்மேல் கரண்ட் அடுப்பு வைத்து நாச்சிமுத்து தனக்கு ரவை உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார். அதில் கட்டி தட்டியிருந்தது வெளியிலிருந்தே தெரிந்தது. உள்ளே சமையலறையில் பழனாத்தாள் தனக்கு ஒரு பிடி அரிசி களைந்து போட்டு ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள். அவர் தன் தட்டோடு கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். அந்தம்மா தன் தட்டோடு மேற்கே பார்த்து உட்கார்ந்தது. சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போகும்போது நடையில் எதிரெதிரே வந்து, தெரியாதவர்கள் பஸ்ஸில் விலகுவது போல விலகிப் போனார்கள். நாங்கள் ஏற்படுத்தி வைத்திருந்த மரியாதையெல்லாம் மறந்து, தெருவே நின்று பார்த்தது. எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது, அவர் சொன்னார், அவள் சொன்னாள் என்று இத்தனை வருஷம் நாங்கள் கேட்டதெல்லாம் ஒருத்தரைப் பற்றி ஒருத்தர் ஊகித்துச் சொன்னது.

ரங்கநாயகியால் பொறுக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே தமயந்தியையும் இழுத்துக்கொண்டு, கொல்லைப்பக்கமாகப் போய்ப் பழனாத்தாளிடம் கேட்டேவிட்டாள். அந்தம்மா வெட்கப்படவுமில்லை, அழவுமில்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னது. அவர் ஓய்வு பெற்ற புதிதில், உடுமலையில் தங்கச்சி மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தாளாம். திரும்பி வந்து பார்த்தால் சமையலறையில் எதுவும் இருந்த இடத்தில் இல்லை. அஞ்சறைப் பெட்டியில் ஒன்றோடொன்று கலக்கிறது, அது முறையில்லை என்று அதைக் காலி செய்து பரணில் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மாதிரி டப்பாக்களில் போட்டுப் பெயர் ஒட்டி, அகர வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தார். அரிசி ஆரம்பத்தில், உப்பு உச்சியில், கடுகு நடுத்தட்டில், வெல்லம் கடைசியாகத் தொட்டிக்கு அடியில். எண்ணெயைக் காயவைத்துவிட்டு அவள் கடுகு எங்கே என்று கேட்டதற்கு, அ, ஆ சொல்லிப் பார், தானாக வரும், ரெண்டு வாரத்தில் பழகிவிடும் என்று சொன்னாராம்.

"எண்ணெ காயறப்ப அ, ஆ சொல்லீட்டு நிக்க முடியுமா கண்ணு" என்று தமயந்தியைப் பார்த்துக் கேட்டது அந்தம்மா.

அன்றைக்குச் சட்டியை இறக்கி வைத்ததுதான். அதற்கப்புறம் பேச்சில்லை. நீங்களே எடுத்துப் பழையபடி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று ரங்கநாயகி கேட்டதற்கு, மாற்றினவர் மாற்றட்டும் என்றது. அவரோ, நல்ல ஏற்பாடுதான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கவேண்டும். மகன் ஓசூரிலிருந்து போன் செய்தால் இருவரும் தனித்தனியாகப் பேசுவார்கள். பேரன் பிறந்ததை அவர் அவளுக்குச் சொல்லவில்லை, அவள் அவருக்குச் சொல்லவில்லை. இருவரும் ஒரே பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் நாச்சிமுத்து வழக்கம்போல முதல் ஆளாகச் சென்டருக்கு வந்தார். தெருவே தன் வீட்டைப் பார்த்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். அதனால் கோபம் அதிகமாக இருந்தது, தமிழும் அதிகமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். தமயந்தி தட்டிக்கொண்டே போனாள். முடிந்ததும், பிழை இருக்கிறதா என்று பார்க்க எப்போதும் செய்வது போல அதை அவருக்குப் படித்துக் காட்டினாள்.

"ஐயா, மாற்றம் செய்வதற்கு முன் அன்றாடம் பயன்படுத்துகிறவர்களை ஒரு வார்த்தை கேட்கவேண்டும். கை பழகிய இடத்தில் பொருள் இல்லாமல் போனால் மனுஷனுக்கு எவ்வளவு வேதனை என்று செய்தவர்களுக்குத் தெரியாது. பழகிவிடும் என்று சொல்வது திமிர். குறையைச் சொன்னால் கேட்டு, பழையபடி வைத்துக் கொடுப்பதுதான் பெரிய மனுஷத்தனம்."

படிக்கப் படிக்க அவள் குரல் மெதுவாகிக்கொண்டே வந்தது. கடைசி வரியை முடித்துவிட்டுத் திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, இதைக் கம்பெனிக்கு அனுப்பட்டுங்களா, ஊட்டுக்கு அனுப்பட்டுங்களா?" என்று கேட்டாள் தமயந்தி. கிண்டலாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

நாச்சிமுத்து கண்ணைத் திறந்தார். பேனாவை எடுத்தார், மறுபடி பையில் வைத்தார். "இருக்கட்டும் அம்மிணி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். இப்படிக்கு என்று பெயர் போடச் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பழனாத்தாள் பக்கத்து ஊரில் ஒரு சீருக்குப் போயிருந்தாள். அவள் பஸ் ஏறியதும் நாச்சிமுத்து சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனார். டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் பரப்பினார். பரணில் ஏறி அஞ்சறைப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டிக் கழுவித் துடைத்தார். அதுவரைக்கும் எல்லாம் சரியாகப் போனது. அதற்கப்புறம் உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பழைய ஏற்பாட்டைப் பழையபடி வைப்பதென்றால் பழைய ஏற்பாடு என்னவென்று தெரிந்திருக்கவேண்டும். அது அவருக்குத் தெரியவில்லை. கல்யாணமான நாள் முதல் அந்த உப்பு போட்ட சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார். அந்த உப்பு எங்கே இருந்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

கண்ணாடிக்கு வெளியே ரங்கநாயகி மில்லை அப்படியே ஓடவிட்டுவிட்டு வந்து நின்றிருந்தாள். அவள் முன்பெல்லாம் அந்தச் சமையலறைக்குச் சர்க்கரை கடன் வாங்கப் போய்வந்தவள். கண்ணாடியைத் தட்டி, உப்பு அடுப்புக்கு வலதுபக்கம், தரையோடு, ஜாடியில் என்று கையால் காட்டினாள். அவர் அவள் காட்டின வலதுபக்கத்தைத் தன் இடதுபக்கமாக எடுத்துக்கொண்டார். இல்லை இல்லை என்று தலையாட்டினாள். மற்றப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி புளியை நடித்துக் காட்டினாள், முகத்தைச் சுளித்து. ஒருத்தி மிளகாய்க்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குப்புராஜ் கடையை விட்டுவிட்டு வந்து, டீத்தூள் எங்கே என்பதில் மட்டும் தனக்கு ஒரு கருத்து இருப்பதாகச் சொன்னான். அஞ்சறைப் பெட்டியில் கடுகு நடுக்கிண்ணத்திலா ஓரக்கிண்ணத்திலா என்று பெண்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்து, அவர்கள் தீர்த்துச் சொல்லும் வரைக்கும் நாச்சிமுத்து கடுகு டப்பாவோடு பள்ளிக்கூடப் பிள்ளை போலக் காத்திருந்தார். வேர்த்து வடிந்தது. சங்கக் கிடங்கில் லாரி லாரியாக உரம் இறக்கியபோதுகூட அவர் அப்படி வேர்த்து நாங்கள் பார்த்ததில்லை.

சாயங்காலம் பஸ் வந்தது. பழனாத்தாள் சீர்த்தட்டுப் பையோடு இறங்கி வந்தபோது, நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு வேலை இருப்பது போல அவள் வீட்டைச் சுற்றி நின்றிருந்தோம். அவள் எங்களை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சமையலறை வாசலில் நின்று, அடுப்புக்கு வலதுபக்கம் ஜாடியில் உப்பைப் பார்த்தாள். மேடையில் அஞ்சறைப் பெட்டியைப் பார்த்தாள். காலியாகக் கிடந்த அலமாரித் தட்டுகளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நாச்சிமுத்து கூடத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் முகத்தில் அப்போது இருந்ததைப் பார்க்கக் கூடாது என்று எங்களில் சிலர் ஆகாயத்தைப் பார்த்தோம்.

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். சட்டியை வைத்தாள். எண்ணெய் ஊற்றினாள். எண்ணெய் காய்ந்தது. அவள் கை நீண்டது. மேடையில் இருந்த பெட்டிக்கு நீளவில்லை. நேரே நடுத்தட்டுக்கு, ககர வரிசைக்கு, கண் பார்க்காமலே போயிற்று. அங்கே காற்றைப் பிடித்தது. மறுபடி பிடித்தது. எண்ணெய் புகைந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கை அந்த இடத்தைப் பழகிக்கொண்டுவிட்டது. அவள்தான் அதைக் கையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

திரும்பினாள். புகைக்குள்ளிருந்து அவரைப் பார்த்தாள். அவள் வாய் அசைந்தது.

என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. கண்ணாடியில் காதை வைத்தோம், ஒன்றும் வரவில்லை. அவர் வாய் அசைந்தது. மறுபடி அவள் வாய், இந்த முறை கரண்டியோடு. அவர் தூணை விட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்தார். அவள் அலமாரியைக் காட்டினாள், பெட்டியைக் காட்டினாள், எங்களைக் காட்டினாள். இருவரும் சேர்ந்தாற்போல் பேசினார்கள். சட்டியில் தீப்பிடித்து, அதை அவர் தட்டால் மூடி அணைத்தார், அணைத்துக்கொண்டே பேசினார். மன்னிப்புக் கேட்டார் என்று குப்புராஜ் சொன்னான். திட்டினாள் என்று ரங்கநாயகி சொன்னாள். நாங்கள் வீட்டுக்குப் போகும்போதும் அவர்கள் பேசி முடித்திருக்கவில்லை.

விடிந்தபோது முழுப் பதிப்பு வந்துவிட்டது. சோதனையில் பங்கெடுத்ததற்கு நன்றி, பலருடைய விருப்பத்தை ஏற்றுப் பழைய தோற்றத்தையே தருகிறோம் என்றது தமயந்தியின் திரை. தெரு நெடுகச் செங்கல்லும் சிமெண்டும் சுண்ணாம்பும் திரும்பி வந்திருந்தன. எங்களுக்கு மூச்சு முட்டியது. விளக்கைப் போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டியிருந்தது. சென்டர் திறப்பதற்குள் வாசலில் வரிசை நின்றது. முதல் ஆளாக நின்ற ரங்கநாயகி, தலையில் பூவோடு, யாரைக் கேட்டு இப்படிச் செய்தார்கள் என்று ஆரம்பித்து நீளமாக எழுதச் சொன்னாள்.

நாச்சிமுத்து அன்று முதல் ஆளாக வரவில்லை. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், வரிசையெல்லாம் கரைந்தபிறகு வந்து, எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். கருத்து எதுவும் இருக்கிறதா என்று தமயந்தி கேட்டதற்கு, யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். அவள் ஒரு பட்டாவை நகல் எடுக்கத் திரும்பினாள். வேலை முடிந்தும் போகாமல் நாங்கள் சிலர் சுற்றி நின்றிருந்தோம். அவராகவே சொன்னார்.

"அ, ஆ சொல்லி நானே பழகீட்டேன், இப்ப வந்து ஆரைக் கேட்டு மாத்துனீங்க, அப்படீன்னு எங்கூட்டுக்காரி சொன்னாளுங்க" என்றார்.

சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணிலும் கொஞ்சம் ஒற்றிக்கொண்டார். நேற்றுச் சாயங்காலம் ஆரம்பித்தது இன்னும் ஓயவில்லை என்றும், பாதிச் சாமான் அலமாரியிலும் பாதி பெட்டியிலுமாக இருக்கிறது என்றும், சீரகத்தில் அவள் சொல்வது தப்பு என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது தெருவின் அந்தக் கடைசியிலிருந்து, எல்லாச் சுவர்களையும் தாண்டி ஒரு குரல் வந்தது. அந்தக் குரல் அவரைக் கூப்பிடுவதை எங்களில் பாதிப் பேர் கேட்டதே இல்லை.

"ஏனுங்க, சோறு ஆறுதுங்க."

நாச்சிமுத்து சிரிப்பை நிறுத்தினார். எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார், கேட்டீர்களா என்பது போல. பிறகு செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் சுடுகிற மண்ணில் விறுவிறுவென்று நடந்து, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.